மாதச் சம்பளம் இல்லாத திரைத்தொழில்

சென்னையின் கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் வட்டாரத்தில் திரைப்படத்தையும் தொலைக்காட்சித் தொடரையும் நம்பி வாழ்பவர்களுள் மிகப் பெரும்பாலோர் எந்த நிறுவனத்திலும் நிலையான ஊழியர் அல்லர். இயக்குநர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், ஒப்பனையாளர், லைட்மேன் என்று எந்தப் பிரிவைச் சேர்ந்தவராயினும், ஒரு படத்துக்கோ ஒரு தொடருக்கோ ஒரு நாளுக்கோ பேசி முடித்த ஊதியத்துக்கு வேலை செய்துவிட்டு, அது முடிந்ததும் அடுத்த வேலையைத் தேடிச் செல்பவர்களே அவர்கள். பிற தொழில்களில் ஃப்ரீலான்ஸ் எனப்படும் இந்தத் தனிப்பணி முறை ஒருவர் விரும்பித் தேர்ந்துகொள்ளும் பாதையாக இருக்க, திரைத்துறையில் நுழைபவருக்கோ அதுவே ஏறத்தாழ ஒரே பாதையாக இருக்கிறது. எனவே, துண்டு துண்டான வேலைகளைக் கொண்டு ஒரு முழு வாழ்க்கையை நடத்துவது எப்படி என்ற கேள்வி, கலையைக் கற்பது எப்படி என்ற கேள்விக்கு இணையாகவே இத்துறைக்கு வரும் இளைஞர் முன் நிற்கிறது. கலையைக் கற்பிக்கப் பயிற்சிக் கூடங்கள் பல உள்ளன; பிழைப்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவோர் மிகக் குறைவு.

இந்நிலை தொடக்கம் முதலே இருந்ததன்று. 1930களின் நடுப்பகுதியிலிருந்து சில பத்தாண்டுகள் தமிழ்த் திரைப்படம் பெரும்பாலும் ஸ்டுடியோக்களின் கையில் இருந்தது. சேலத்தில் டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ், சென்னையில் எஸ். எஸ். வாசனின் ஜெமினி, ஏவி. மெய்யப்பனின் ஏவி.எம்., நாகிரெட்டியின் விஜயா வாகினி ஆகியவை படப்பிடிப்புத் தளங்களையும் கருவிகளையும் சொந்தமாக வைத்திருந்ததோடு, அவற்றை இயக்குவோரில் பலரையும் மாதச் சம்பளத்தில் அமர்த்தியிருந்தன. ஜெமினியில் கதை இலாகா என்றே ஒரு பிரிவு இயங்கியது. கொத்தமங்கலம் சுப்பு அதில் இருந்தார். எழுத்தாளர் அசோகமித்திரன் 1966 வரை பல ஆண்டுகள் அந்த ஸ்டுடியோவில் ஊழியராகப் பணியாற்றியவர். தனித் தயாரிப்பாளர்கள் பெருகி, நட்சத்திரங்களின் ஊதியமும் வண்ணப் படங்களின் செலவும் உயர்ந்தபோது, ஆண்டு முழுவதும் நூற்றுக்கணக்கானோருக்குச் சம்பளம் கொடுத்துத் தளங்களை நடத்துவது ஸ்டுடியோ முதலாளிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. 1977-இல் வெளியான ‘16 வயதினிலே’யின் வெற்றிக்குப் பின் படப்பிடிப்பு கிராமங்களுக்கு நகர்ந்தது அந்தச் சரிவை விரைவுபடுத்தியது. தொழில் தெரிந்தவர்கள் அனைவரும் அங்கேயே இருந்தார்கள். அவர்களுக்கு மாதந்தோறும் பொறுப்பேற்றுக்கொள்ளும் முதலாளி மட்டும் இல்லாமல் போனார்.

அந்த இடத்தை நிரப்பியது குழு முறை. ஒரு படத்துக்கு ஒளிப்பதிவாளரை ஒப்பந்தம் செய்யும் தயாரிப்பாளர், அவருடைய உதவியாளர்களைத் தனித்தனியே தேடி எடுப்பதில்லை. ஒளிப்பதிவாளரே தம் குழுவை அழைத்து வருகிறார். கலை இயக்குநரும் படத்தொகுப்பாளரும் சண்டைப் பயிற்சியாளரும் நடன இயக்குநரும் அவ்வாறே செய்கின்றனர். ஆகவே புதிதாக வருபவர் வேலை கேட்க வேண்டியது பெரும்பாலும் தயாரிப்பு அலுவலகத்தில் அன்று; தம் துறையின் மூத்தவரிடமே. பாரதிராஜாவிடமிருந்து பாக்யராஜும், பாக்யராஜிடமிருந்து பார்த்திபனும் பாண்டியராஜனும், பாலு மகேந்திராவிடமிருந்து பாலாவும் வெற்றிமாறனும் வந்த வரிசை உலகறிந்தது. ஆனால் அதே வரிசை ஒலிப்பதிவிலும் ஒப்பனையிலும் ஆடை வடிவமைப்பிலும் உண்டு என்பதையும், அங்கும் ஒரு மூத்தவரின் ஒரு தொலைபேசிப் பரிந்துரை எத்தனையோ விண்ணப்பங்களைவிட வலிமையானது என்பதையும் வெளியிலிருப்போர் அறிவதில்லை. தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் போன்ற கல்விக்கூடங்களில் பயின்றவர்களுக்கும் பட்டத்தைவிட அதிகம் உதவுவது அங்கே கிடைக்கும் மூத்தோர் தொடர்பே. விதிவிலக்குகள் உண்டு. மணிரத்னம் எவரிடமும் உதவி இயக்குநராக இருந்ததில்லை. 2009-க்குப் பின் கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ குறும்பட நிகழ்ச்சி கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி போன்றோருக்கு நேர்வழி திறந்தது.

குழு முறை வேலையைக் கற்றுத் தருகிறது. அதேவேளையில் ஒருவருடைய வருமானத்தை மற்றொருவருடைய அதிர்ஷ்டத்தோடு பிணைத்தும் விடுகிறது. மூத்தவருக்குப் படம் இல்லாத ஆண்டில் அவருடைய உதவியாளர்களுக்கும் வருமானம் இல்லை. உதவி இயக்குநர்களின் நிலை இதனினும் கடினமானது. டிஸ்கஷன் எனப்படும் கதை விவாதம் பல மாதங்கள் நீளக்கூடியது. அக்காலத்தில் சாப்பாடும் பேருந்துச் செலவும் மட்டுமே கிடைப்பதும், தயாரிப்பாளர் அமைந்து படப்பிடிப்பு தொடங்கிய பின்னரே சம்பளம் பேசப்படுவதும், படம் தொடங்காமலே போனால் அந்த உழைப்பு முழுவதும் கணக்கில் வராமல் போவதும் வழக்கமாகிவிட்டன. கதை விவாதமும் உழைப்பே. அதற்கும் ஒரு தொகையைத் தொடக்கத்திலேயே ஒதுக்குவது படத்தின் மொத்தச் செலவில் மிகச் சிறிய பகுதிதான் என்பதால், இதைச் செய்யாதிருப்பதற்குப் பணமின்மையைக் காரணமாகச் சொல்ல இயலாது.

நாட்கூலிக்கும் நேரத்துக்கும் ஒழுங்கு உண்டாக்கியவை சங்கங்கள். ஸ்டுடியோ ஊழியர்களும் இசைக்கலைஞர்களும் தொழிற்சங்கமாகத் திரள்வதற்கு இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசனும், ‘பாதை தெரியுது பார்’ படத்தை 1960-இல் இயக்கிய நிமாய் கோஷும் முன்னின்று உழைத்தனர். இன்று பெப்சி என்று அனைவரும் அழைக்கும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர்கள் சம்மேளனத்தின் கீழ் இரண்டு டஜன் அளவிலான தொழிற்பிரிவுச் சங்கங்களும் சுமார் 25,000 உறுப்பினர்களும் உள்ளனர். கார்டு என்று சுருக்கமாகச் சொல்லப்படும் உறுப்பினர் அட்டையைப் பெற்றவருக்கு அவர் பிரிவுக்குரிய குறைந்தபட்ச ஊதியமும், பேட்டா எனப்படும் நாள்படியும் வரையறுக்கப்படுகின்றன. கால்ஷீட் என்பது ஒரு நாளில் வேலைக்கென ஒதுக்கப்பட்ட நேர அளவு. அதைத் தாண்டி வேலை நீளும்போது ஒன்றரை பேட்டாவும் இரட்டைப் பேட்டாவும் கேட்கும் உரிமை சங்கம் இல்லாமல் வந்திருக்காது. ஊதிய பாக்கி வைத்த தயாரிப்பாளரின் அடுத்த படத்துக்கு ஒத்துழைக்க மறுப்பதுதான் சங்கத்தின் கையிலுள்ள மிகப் பெரிய ஆயுதம், பல ஏழைத் தொழிலாளர்களின் பணம் திரும்பி வந்ததும் அதனால்தான்.

ஆயினும் அட்டையைப் பெறுவதற்கான கட்டணமும் காத்திருப்பும் சிற்றூர்களிலிருந்து வரும் ஏழை இளைஞருக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன என்பதை மறைத்துப் பயனில்லை. சங்க அதிகாரத்துக்குச் சட்டம் வகுத்த எல்லையும் உண்டு. இயக்குநர் வினயனோடு பணிபுரியக் கூடாது என்று தடுத்ததற்காகக் கேரளத் திரையுலகின் அம்மா, ஃபெஃப்கா ஆகிய அமைப்புகளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2017-இல் அபராதம் விதித்தது. அம்முடிவு 2020-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று நிலைத்தது. ஒருவரின் பிழைப்பைக் காக்கும் அமைப்பு மற்றொருவரின் பிழைப்பை அடைக்கும் கதவாகக் கூடாது.

பணம் எப்படிக் கைக்கு வருகிறது என்பதே இத்தொழிலின் நுட்பமான பகுதி. நாட்கூலிப் பிரிவினருக்கு அன்றாடமோ வாரந்தோறுமோ பணம் வந்துவிட, படத்துக்கு மொத்தமாகச் சம்பளம் பேசுவோருக்கு அது அட்வான்ஸ், ஷெட்யூல்தோறும் ஒரு பகுதி, இறுதி செட்டில்மென்ட் என்று பிரிந்து வருகிறது. ஷெட்யூல் என்பது ஒரே மூச்சில் எடுக்கப்படும் சில நாள் அல்லது சில வாரப் படப்பிடிப்பு. கடைசிப் பகுதிதான் பெரும்பாலும் சிக்கிக்கொள்கிறது. ஏனெனில் படம் முடியும் தறுவாயில் தயாரிப்பாளரின் கையிருப்பு கரைந்து, வெளியீட்டை நம்பி வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கத் தொடங்கியிருக்கும். டப்பிங் பேசுவதற்கு முன் பாக்கியைக் கேட்டு வாங்கும் நடிகரும், இறுதிப் பிரதியை ஒப்படைப்பதற்கு முன் கணக்கை முடிக்கச் சொல்லும் தொழில்நுட்பக் கலைஞரும் இந்த அனுபவத்திலிருந்தே அவ்வழக்கத்தைக் கற்றனர். ஆனால் படப்பிடிப்பின் கடைசி நாளோடு வேலை முடிந்துவிடும் உதவி இயக்குநரிடமும் உதவி ஒளிப்பதிவாளரிடமும் பிடித்து வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அவர்கள் ஷெட்யூல் முடியும்போதெல்லாம் அதற்குரிய பகுதியை வாங்கிவிட்டே அடுத்த ஷெட்யூலுக்குச் செல்வதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். முதல் பிரதி அடிப்படையில், அதாவது முதலீட்டாளரிடம் ஒரு மொத்தத் தொகையைப் பெற்று அதற்குள் படத்தை முடித்துக் கொடுக்கும் பொறுப்பை ஒருவர் ஏற்கும் முறையில் எடுக்கப்படும் படங்களில், சம்பளத்துக்குப் பொறுப்பாளி யார் என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்வது மேலும் இன்றியமையாதது.

தொலைக்காட்சி இந்த நிச்சயமின்மையை ஓரளவு தணித்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்றும் சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரல் 14 அன்றும் தொடங்கின. 1999-இல் தொடங்கிய ‘சித்தி’ போன்ற நெடுந்தொடர்களின் வெற்றிக்குப் பின், மாதத்தில் இத்தனை நாள் வேலை உறுதி என்று சொல்லத்தக்க ஒரு நிலை சின்னத்திரையில் உருவானது. நாளொன்றுக்கான ஊதியம் திரைப்படத்தைவிடக் குறைவாயினும் ஆண்டுக்கணக்கில் ஓடும் ஒரு தொடர், வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் வழி செய்துவிடுகிறது. திரைப்பட வாய்ப்புக்காகக் காத்திருப்போர் பலர் அந்த வருமானத்தில்தான் காத்திருக்கின்றனர். விளம்பரப் படம் குறைந்த நாளில் நல்ல தொகை தருகிறது, எனினும் பணம் வர மாதங்கள் ஆகலாம். இணையத் தொடர்கள் பல பக்க ஒப்பந்தத்தைக் கொண்டுவந்துள்ளன. படிக்காமல் கையெழுத்திடும் பழக்கம்தான் இன்னும் மாறவில்லை.

எழுத்து வடிவ ஒப்பந்தம் இத்துறையில் புதிய கருத்தன்று. திரைப்படத் தொழிலாளர்களுக்கென 1981-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமே, எழுத்து வடிவ ஒப்பந்தமின்றி அவர்களை வேலைக்கு அமர்த்தக் கூடாது என்று விதித்தது. 2020-இல் இயற்றப்பட்ட பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் குறித்த சட்டத்தொகுப்பு அந்த விதியைத் தொலைக்காட்சித் தொடர், விளம்பரப் படம், இணையத் தயாரிப்பு ஆகியவற்றில் பணிபுரியும் ஒலி, ஒளித் தொழிலாளர்களுக்கும் விரித்தது. இத்தனைக்குப் பிறகும் கோடம்பாக்கத்தில் பெரும்பாலான சம்பளம் வாய்ச்சொல்லிலேயே பேசப்படுகிறது. 2024 ஆகஸ்டில் கேரள அரசு வெளியிட்ட ஹேமா குழு அறிக்கை, மலையாளத் திரையுலகில் பெண்கள் சந்திக்கும் கொடுமைகளை விவரிக்கையில், எழுத்து வடிவ ஒப்பந்தம் இல்லாமையையும் பேசிய ஊதியம் மறுக்கப்படுவதையும் சேர்த்தே சுட்டியது. கையில் காகிதம் இல்லாத பெண் கலைஞர், ஊதியத்தைக் கேட்பதற்கும் அத்துமீறலை மறுப்பதற்கும் ஒருங்கே தயங்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறார்.

வருமான வரியைப் பொறுத்தவரை அச்சத்தைவிட அறியாமையே இழப்பைத் தருகிறது. தொழில்முறை ஊதியம் வழங்கும் தயாரிப்பு நிறுவனம் பெரும்பாலும் 10 விழுக்காட்டை முன்கூட்டியே வரியாகப் பிடித்துக்கொள்கிறது. ஆண்டு வருமானம் குறைவாக உள்ள உதவி இயக்குநர் கணக்குத் தாக்கல் செய்தால் அதைத் திரும்பப் பெறலாம், தாக்கல் செய்யாதவர் தம் பணத்தையே விட்டுவிடுகிறார். பிடித்த தொகையை நிறுவனம் உண்மையில் அரசுக்குச் செலுத்தியதா என்பதையும் வரித்துறையின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். நடிகர், இயக்குநர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், வசனகர்த்தா போன்றோரைத் திரைக்கலைஞர் என்று வரிவிதி வகைப்படுத்துகிறது. உதவி இயக்குநரும் அதில் அடக்கம். அவர்களின் ஆண்டு வரவு 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், அதில் பாதியை வருமானமாகக் காட்டி வரி செலுத்தும் எளிய முறை உண்டு. 20 லட்சத்தைத் தாண்டும் வரவுக்குச் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு கட்டாயமாகிறது. வங்கிக் கடன் கேட்கும் நாளில் மாதச் சம்பளச் சீட்டு இல்லாத இவர்களுக்குச் சான்றாக நிற்பவை இந்த வரிக் கணக்குகளே.

வேலை நின்றுபோகும் காலங்களை இத்துறை அடிக்கடி சந்தித்துள்ளது. திரையரங்க டிஜிட்டல் கட்டணத் தகராறில் 2018 மார்ச் 1 முதல் புதுப்பட வெளியீட்டை நிறுத்திய தயாரிப்பாளர் சங்கம் அம்மாதத்திலேயே படப்பிடிப்புகளையும் நிறுத்தியது. ஏப்ரலில்தான் வேலை மீண்டது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் படப்பிடிப்புகள் நின்றபோது, பெப்சி தொழிலாளர்கள் நடிகர்களின் நன்கொடையையும் அரிசி மூட்டையையும் எதிர்பார்த்து நிற்க நேர்ந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்தான், பிப்ரவரி 19 அன்று, ‘இந்தியன் 2’ படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூவர் உயிரிழந்தனர். அவர்களுள் உதவி இயக்குநர் ஒருவரும் இருந்தார். ஆகவே ஆறு மாதச் செலவுக்குரிய சேமிப்பும், சொந்தமாக எடுத்த மருத்துவக் காப்பீடும், விபத்துக் காப்பீடும் இத்தொழிலில் வசதி உள்ளவருக்குரிய ஆடம்பரங்கள் அல்ல. தமிழ்நாடு அரசின் திரைப்படத் துறையினர் நலவாரியத்தில் பதிவு செய்துகொள்ளத் தகுதியுள்ளவர் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

கதை எழுதுவோர் அதைப் பிறரிடம் சொல்வதற்கு முன் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்துவிட வேண்டும். 2018-இல் ‘சர்கார்’ படக் கதை குறித்த சர்ச்சையில், சங்கத்தில் முன்பே பதிவாகியிருந்த ஒரு கதையே முறையிட்டவருக்குத் துணை நின்றது. உயர் நீதிமன்றத்தில் சமரசம் ஏற்பட்டு அவருக்குத் திரையில் அங்கீகாரமும் கிடைத்தது. பிற துறையினருக்கும் இத்தகைய காப்பு தேவை. வேலையின் அளவு, ஊதியம், தவணை நாள்கள், படம் நின்றுபோனால் தர வேண்டிய தொகை, திரையில் பெயர் வரும் இடம் ஆகியவற்றைத் தமிழிலேயே ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டால் போதும். அதற்கு வழக்கறிஞர்கூடத் தேவையில்லை. புதியவர் தனியாகக் கேட்டால் வாய்ப்பு நழுவும் என்ற அச்சம் உண்மையானது. ஆகவே அந்த ஒரு பக்கத்தை முதலில் கேட்க வேண்டியவர்கள் மறுக்க முடியாத இடத்திலுள்ள மூத்த ஒளிப்பதிவாளர்களும் படத்தொகுப்பாளர்களும் இயக்குநர்களுமே. தங்களுக்கு மட்டுமன்றித் தங்கள் குழுவின் கடைசி உதவியாளருக்கும் அந்தக் காகிதம் கிடைத்த பின்னரே முதல் நாள் படப்பிடிப்புக்கு அவர்கள் செல்ல வேண்டும்.