கைக்குத் தெரியும்... உங்களுக்குத் தெரியுமா?

ஒரு நிமிடம்! உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கைகளையும் நீட்டி, ஒரு ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நாற்கரச் சாலை. இடப்பக்கத் தடத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். முன்னால் ஒரு லாரி ஊர்கிறது. வலப்பக்கத் தடத்துக்கு மாற வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, கையை மட்டும் அசைத்து மாறிக் காட்டுங்கள் பார்ப்போம்!

ஆயிற்றா? ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினீர்கள், பிறகு நேராக்கினீர்கள். அப்படித்தானே? நிஜச் சாலையில் அதை மட்டும் செய்திருந்தால் வண்டி இந்நேரம் நடுவில் இருக்கும் மீடியனில் ஏறியிருக்கும்! வலப்பக்கம் திருப்பியதுமே வண்டியின் மூக்கு அந்தப் பக்கம் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. ஸ்டீயரிங்கை நேராக்கினால் மூக்கு நேராகாது. அது பார்க்கும் திசையிலேயே வண்டி சாய்கோடாக ஓடிக்கொண்டே இருக்கும். சாலையின் போக்குக்கு அதைக் கொண்டுவர, முதலில் திருப்பிய அதே அளவுக்கு இடப்பக்கம் ஒடித்து, அதற்குப் பிறகுதான் நேராக்க வேண்டும். கார் ஓட்டுகிறவர்களின் கை இதைத் தினமும் எத்தனையோ தடவை பிசகாமல் செய்கிறது. ஆனால் எப்படிச் செய்கிறோம் என்று கேட்டால் வாய் தவறாகச் சொல்கிறது!

கய் வாலிஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இது. ஓட்டத் தெரிந்தவர்களை, கார் ஓட்டும் அனுபவத்தைத் தரும் பொறி ஒன்றில் உட்காரவைத்து, தடம் மாறும் நேரத்தில் எதிரே தெரியும் காட்சியை இருட்டாக்கிவிட்டார்கள். ஓட்டியவர்கள் அந்த இரண்டாம் திருப்பலை அப்படியே விட்டுவிட்டார்கள். கண் பார்த்துச் சொல்லச் சொல்லத்தான் கை அந்த வேலையைச் செய்கிறதாம். கண்ணை மறைத்தால் பாதி வேலை காணாமல் போகிறது! நானும் நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்து பார்த்தேன். வலம், நேர், அவ்வளவுதான். அன்றைக்கு ஒரு கேள்வி மனதில் விழுந்தது. நம் கை செய்வதே நமக்குச் சரியாகத் தெரியாதபோது, நாம் நன்றாக ஓட்டுகிறோமா இல்லையா என்று நமக்கு எப்படித் தெரியும்?

தெரியவே தெரியாது என்கிறது ஒரு புகழ்பெற்ற கணக்கு! ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் ஓலா ஸ்வென்சன் 1981இல் வெளியிட்டது. அமெரிக்காவிலும் ஸ்வீடனிலுமாக 161 மாணவர்கள். “இந்த அறையில் இருப்பவர்கள் எல்லோரையும் வரிசைப்படுத்தினால், ஓட்டும் திறமையில் நீங்கள் எந்த இடத்தில் நிற்பீர்கள்?” என்பதுதான் கேள்வி. அமெரிக்க மாணவர்களில் 93 சதவீதம் பேர் தங்களை மேல்பாதியில் வைத்துக்கொண்டார்கள்! ஸ்வீடன் மாணவர்கள் கொஞ்சம் அடக்கம், 69 சதவீதம். திறமையை விடுங்கள், பாதுகாப்பாக ஓட்டுவதில் எப்படி என்றால், அமெரிக்கர்களில் 88 சதவீதமும் ஸ்வீடன்காரர்களில் 77 சதவீதமும் மேல்பாதியில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். நூறு பேர் நிற்கும் வரிசையின் முன்பாதியில் 93 பேர் நிற்பது எப்படி?

கணக்கு தெரிந்தவர்கள் இங்கே ஒரு நியாயமான சந்தேகத்தைக் கிளப்புவார்கள். ஐந்து பேர் இருக்கிறார்கள். நான்கு பேர் ஒரு விபத்தும் செய்யவில்லை, ஐந்தாமவர் மட்டும் ஐந்து விபத்து செய்துவிட்டார். சராசரி, ஆளுக்கு ஒன்று. ஆக, நான்கு பேர் சராசரியைவிட நல்ல ஓட்டுநர்கள்தானே! உண்மை, பெரும்பாலானவர்கள் சராசரிக்கு மேலே இருக்க முடியும். ஆனால் ஸ்வென்சன் சராசரியைக் கேட்கவில்லை, வரிசையில் உங்கள் இடம் எது என்று கேட்டார். வரிசையின் மேல்பாதியில் பாதிப்பேருக்குத்தான் இடம் உண்டு. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்தது அந்தக் கேள்வியின் கச்சிதம்.

மாணவர்கள்தானே, இளரத்தம் அப்படித்தான் பேசும் என்கிறீர்களா? அதற்கும் முன்னால், 1965இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் மருத்துவமனைக்கே போய்விட்டார்கள்! பிரஸ்டன், ஹாரிஸ் என்பது அவர்கள் பெயர். விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்த 50 ஓட்டுநர்களிடம், உங்கள் ஓட்டும் திறமைக்கு என்ன மதிப்பு போடுவீர்கள் என்று கேட்டார்கள். போலீஸ் பதிவுகளின்படி அந்த 50 பேரில் 34 பேர் தங்கள் விபத்துக்குத் தாங்களே காரணம். அதே போன்ற வயதும் படிப்பும் உள்ள, விபத்தே செய்யாத இன்னொரு 50 பேரிடமும் இதையே கேட்டார்கள். இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே மதிப்பைப் போட்டுக்கொண்டது! கட்டுப் போட்ட கையோடு, தான் கைதேர்ந்த ஓட்டுநர் என்ற பக்கமே சாய்ந்தார்கள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று ஊரில் சொல்வார்கள். முகத்துக்கு நேரே நடந்ததுகூடத் தெரியாமல் போகும் என்பதை அங்கேதான் பார்க்கிறோம்.

சரி, ஏன் இப்படி? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை!

பொருளியலில் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற தாமஸ் ஷெல்லிங், 1978இல் வந்த தன் நூலில் இதற்கு ஓர் அழகான விளக்கம் தருகிறார். நிதானமாகப் போகிறவருக்கு நிதானம்தான் நல்ல ஓட்டம். நெரிசலில் புகுந்து லாகவமாக வெளியே வருகிறவருக்கு லாகவம்தான் நல்ல ஓட்டம். இன்டிகேட்டர் போடாமல் திரும்பவே மாட்டேன் என்கிறவருக்கு விதிதான் எல்லாம். அவரவர் அளவுகோலை அவரவரே செய்துகொள்கிறோம், அதில் அவரவரே முதலிடம் வாங்குகிறோம். அவரவர் கோலின்படி ஒவ்வொருவரும் சொல்வது சரிதான்!

இன்னொன்று. வேலை எளிது என்று தோன்றினால் நாம் மற்றவர்களைவிட மேல் என்று நினைக்கிறோம். கடினம் என்று தோன்றினால் கீழ் என்று நினைக்கிறோம். ஜஸ்டின் க்ரூகர் என்ற ஆய்வாளர் 1999இல் இதைக் காட்டினார். கார் ஓட்டுவதில் தங்களைச் சராசரிக்கு மேலே வைத்த அதே மாதிரி மனிதர்கள், நான்கைந்து பந்துகளை மாற்றி மாற்றித் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் வித்தையில் தங்களைச் சராசரிக்குக் கீழே வைத்தார்கள். பந்து கீழே விழுந்தால் டொக்கென்று சத்தம் கேட்கும், தப்பு உடனே தெரியும். சாலையில் அப்படியா? நீங்கள் பார்க்காமல் விட்ட சைக்கிள்காரர் தானே ஒதுங்கிக்கொண்டார். நீங்கள் ஒட்டிப் போனதைக் கண்டு முன்னால் போனவர் ஒதுங்கி வழிவிட்டார். உங்களுக்கு எதுவுமே தெரியாது. தப்பைச் சுற்றியிருப்பவர்கள் திருத்திவிடுகிறார்கள், வண்டி வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது, இன்னொரு நாள் நன்றாக ஓட்டினோம் என்ற கணக்கு மனதில் ஏறிவிடுகிறது. கவனிக்காமல் விட்டதை எப்படிக் கவனிப்பது?

அதுவும் ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. பல வருடங்கள் இந்தக் கணக்கு ஏறினால்? ஆஸ்திரேலியாவில் மார்க் ஹார்ஸ்வில் குழுவினர் வயதான ஓட்டுநர்களை ஆராய்ந்து 2013இல் எழுதினார்கள். சாலை வீடியோவைப் பார்த்து, வரப்போகும் ஆபத்தை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்கள் என்பது சோதனை. அவர்கள் தங்களுக்குப் போட்டுக்கொண்ட மதிப்பெண்ணுக்கும் இந்தச் சோதனையில் வாங்கியதற்கும் சம்பந்தமே இல்லை! பயிற்சி பெற்ற போலீஸ் ஓட்டுநர்களாவது தங்களைச் சரியாக எடைபோடுவார்கள் என்று நினைத்தால், 2004இல் பிரிட்டனில் வந்த ஆய்வு அதையும் உடைத்துவிட்டது. தங்களோடு சமமாகப் பயிற்சி பெற்றவர்களைவிடத் தாங்கள் மேல் என்றே அவர்களும் நினைத்தார்கள்.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் அப்பாவைப் பார்த்திருப்பீர்கள். மகன் கார் ஓட்டுவான், இவர் காலடியில் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வருவார். ஃபிராங்க் மெக்கென்னா என்ற ஆய்வாளர் 1993இல் கண்டது இதைத்தான். தான் ஓட்டினால் விபத்து வராது என்று நம்புகிற அளவுக்கு, பிறர் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் வராது என்று மக்கள் நம்புவதில்லை. அதே ஆள்தான். ஒரு சீட்டு தள்ளி உட்கார்ந்ததும் உலகம் ஆபத்தாகிவிடுகிறது!

நம்மை மட்டுமல்ல, சாலையையும் தப்பாகத்தான் எடைபோடுகிறோம். பக்கத்துத் தடம் எப்போதும் வேகமாகப் போவதாகத் தோன்றுகிறதே, அது ஏன் தெரியுமா? டொரன்டோ மருத்துவர் டொனால்ட் ரெடல்மையரும் புள்ளியியலாளர் ராபர்ட் டிப்ஷிரானியும் 1999இல் இதை அலசினார்கள். நெரிசலில் நீங்கள் பக்கத்துத் தடத்தைத் தாண்டும்போது அங்கே வண்டிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. பத்து வண்டியைச் சில நொடிகளில் தாண்டிவிடுகிறீர்கள். அவர்கள் உங்களைத் தாண்டும்போது இடைவெளிவிட்டு ஒவ்வொன்றாக வருவதால், அதே பத்து வண்டி கடந்துபோக நெடுநேரம் ஆகிறது. நீங்கள் தாண்டியவை பின்னால் போய் மறைகின்றன, உங்களைத் தாண்டியவை கண் முன்னாலேயே நிற்கின்றன. இரண்டு தடமும் ஒரே சராசரி வேகத்தில் போனாலும் நீங்கள் தோற்றுக்கொண்டே இருப்பதாகத் தோன்றும்! பக்கத்துத் தடம் உண்மையில் மெதுவாகப் போகும் வீடியோவைக் காட்டியபோதுகூட, பார்த்தவர்களில் பெரும்பாலானவர்கள் அதுதான் வேகம் என்றார்கள்.

வேகம் என்றதும் ஒரு கணக்கு. 20 கிலோமீட்டர் போக வேண்டும். மணிக்கு 30இல் போனால் 40 நிமிடம், 40இல் போனால் 30 நிமிடம். பத்து நிமிடம் மிச்சம். இப்போது 80இல் போகிற ஒருவர் 120க்கு ஏறுகிறார். 15 நிமிடப் பயணம் 10 நிமிடம் ஆகிறது. வேகத்தில் 40 கூட்டியும் மிச்சம் ஐந்தே நிமிடம்! ஆனால் பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரம் இரண்டேகால் மடங்காகிவிடுகிறது, ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மனிதர்கள் இந்த நேர மிச்சத்தைத் தொடர்ந்து தப்பாகவே கணிக்கிறார்கள் என்று காட்டியவர்களில் முதன்மையானவர், மேலே பார்த்த அதே ஓலா ஸ்வென்சன்தான்.

செல்போன் கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 310 மாணவர்களை வைத்து 2013இல் வந்த ஆய்வு. ஒரே நேரத்தில் பல வேலை செய்வதில் தாங்கள் சராசரிக்கு மேல் என்றவர்கள் 70 சதவீதம். போன் பேசியபடி அதிகமாக ஓட்டுவதாகச் சொன்னவர்கள்தான் அந்தத் திறமைக்கான சோதனையில் பின்தங்கினார்கள்! அதே பல்கலைக்கழகத்தில் 2010இல் 200 பேரைச் சோதித்தபோது, போன் பேசினாலும் ஓட்டம் கொஞ்சமும் கெடாதவர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேர். அந்த அரிய கூட்டத்தில் தான் ஒருவர் என்று நம்பித்தான் எத்தனை பேர் இன்றைக்கும் காதில் போனோடு போகிறார்கள்!

பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடாதா? இந்த இடத்தில்தான் நான் அசந்து போனேன். நார்வேயில் பனி உறைந்த சாலையில் வழுக்கினால் வண்டியை எப்படிச் சமாளிப்பது என்று புதிய ஓட்டுநர்களுக்குக் கட்டாயப் பயிற்சி கொடுத்தார்கள். நல்ல எண்ணம். ஆனால் 1988இல் வந்த ஆய்வின்படி, பயிற்சிக்குப் பின் இளம் ஆண்களிடையே வழுக்கு விபத்து கூடிவிட்டது! வழுக்கினால் சமாளிப்பேன் என்ற தைரியம், வழுக்கும் வேகத்துக்கே அவர்களைக் கொண்டுபோனது. ஸ்வீடனில் நில்ஸ் பெட்டர் கிரெகெர்சென் இதை இரண்டு குழுவாகப் பிரித்துச் சோதித்து 1996இல் எழுதினார். ஒரு குழுவுக்கு நெருக்கடியில் வண்டியைக் கையாளும் திறமையைக் கற்றுக்கொடுத்தார். இன்னொரு குழுவுக்கு, நெருக்கடியில் உங்கள் திறமை எவ்வளவு சீக்கிரம் கைவிட்டுவிடும் என்பதை அனுபவிக்கவைத்தார். பிறகு சோதனை. இரண்டு குழுவுக்கும் திறமையில் வித்தியாசம் இல்லை. ஆனால் திறமைப் பயிற்சி எடுத்தவர்கள் தங்களை உயர்வாக மதிப்பிட்டார்கள். பயிற்சியில் வளர்ந்தது நம்பிக்கை மட்டும்தான்!

அப்படியானால், ஒரு நாடு முழுவதற்கும் ஒரே நாளில் அந்த நம்பிக்கை போய்விட்டால் என்ன ஆகும்? நடந்திருக்கிறது, தெரியுமா!

அதுவும் ஸ்வீடன்தான். அங்கே சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து நாடுகளில் எல்லாம் வலப்பக்கம். மாறலாமா என்று 1955இல் மக்களிடம் வாக்கெடுத்தால், சுமார் 83 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். பிறகும் அரசு முடிவெடுத்தது. 1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. அதிகாலையில் ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் எல்லாம் நின்றன. மெல்ல எதிர்ப்பக்கத்துக்கு நகர்ந்தன. ஐந்து மணி அடித்ததும் வலப்பக்கமாகப் புறப்பட்டன. பல வருடங்கள் ஓட்டியவர்களும் அன்றைக்குப் புதிதாக டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தவர்கள் போலத்தான்! எந்தப் பக்கத்திலிருந்து வண்டி வரும், எந்தப் பக்கம் முதலில் பார்ப்பது, எல்லாமே சந்தேகம்.

சாலை முழுக்க ரத்தம் ஓடும் என்று பயந்தவர்கள் உண்டு. நடந்தது என்ன? விபத்துகள் குறைந்தன! சாலையில் சாகிறவர்களின் எண்ணிக்கை இறங்கியது. வேக வரம்பையும் தற்காலிகமாகக் குறைத்திருந்தார்கள், அதற்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் ஒவ்வொருவரும் தன் கையை நம்பாமல், கண்ணைத் திறந்து, காலை பிரேக்கின் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். குறுக்குச் சாலை வந்தால் இருபுறமும் இரண்டு தடவை பார்த்தார்கள்.

மாதங்கள் போயின. வலப்பக்கம் பழகிவிட்டது. கை தானாகத் திரும்பத் தொடங்கியது. 1969க்குள் விபத்துக் கணக்கும் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது.