காபிக்குள் ஒளிந்த ரம்!

விருந்து முடிந்தது. காபி வருகிறது. மேலே வெள்ளை வெளேர் என்று பாலாடை. பார்த்தால் வெறும் காபி. ஆனால் உள்ளே இருப்பதோ "ரம்" என்னும் மது!

வட ஜெர்மனியில், கடலோர மக்கள் இதை விரும்பிக் குடிக்கிறார்கள். இந்தக் காபியின் பெயர் என்ன தெரியுமா? "பரிசேயன்!"

ஏன் இந்தப் பெயர்? அதற்கு அந்த ஊரார் ஒரு வேடிக்கையான கதை சொல்கிறார்கள்.

பாதிரியார் வந்தார்

அது 1872-ம் ஆண்டு. நார்ட்ஸ்டிராண்ட் என்ற தீவில், ஒரு விவசாயி வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம். விருந்துக்குப் பாதிரியாரும் வந்திருந்தார்.

அவர் மிகவும் கண்டிப்பானவர். மது என்றாலே அவருக்கு ஆகாது. அவர் எதிரில் யாரும் குடிக்க மாட்டார்கள். விருந்தாளிகளுக்கோ ரம் வேண்டும். என்ன செய்வது?

வீட்டுக்காரர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். சூடான காபியில் சர்க்கரையும் ரம்மும் கலந்தார்கள். பாலாடையை நுரை பொங்க அடித்து, மூடி போல மேலே வைத்தார்கள். வாசனை வெளியே வரவில்லை. பாதிரியாருக்கு மட்டும் ரம் இல்லாத காபி!

நேரம் ஆக ஆகச் சிரிப்பும் கும்மாளமும் அதிகமாயின. கடைசியில் கோப்பை மாறிவிட்டது. பாதிரியார் ஒரு வாய் குடித்தார். குட்டு வெளிப்பட்டது! "அட பரிசேயர்களே!" என்று கத்தினாராம்.

பரிசேயர் என்பது பைபிளில் வரும் பெயர். வெளியே பக்தி, உள்ளே வேறு என்று நடப்பவர்களை அப்படிச் சொல்வது கிறிஸ்தவர்களிடையே வழக்கம். அந்தப் பெயரே காபிக்கும் நிலைத்துவிட்டது.

வாசனை எங்கே போயிற்று?

ரம்மில் உள்ள ஆல்கஹால் சூட்டில் சீக்கிரம் ஆவியாகும். அந்த ஆவிதான் மூக்கில் ஏறும். பாலாடையில் கொழுப்பும் காற்றும் இருக்கின்றன. எனவே அது காபியைவிட லேசானது. மேலே மிதந்து ஆவியை அடக்கிவிடுகிறது.

இதைக் கரண்டியால் கலக்கக் கூடாது. பாலாடை வழியாகவே உறிஞ்ச வேண்டும். கலக்கியவர், கடையில் உள்ள அத்தனை பேருக்கும் வாங்கித் தர வேண்டும் என்பது அங்கே வழக்கம்!

கோர்ட்டுக்குப் போன காபி

இந்தக் காபி கோர்ட்டுக்கும் போயிருக்கிறது. 1981-ல் பிளென்ஸ்பர்க் நகரக் கோர்ட்டில் ஒரு வழக்கு. காபியில் ஊற்றியது 20 மில்லி ரம். அது போதுமா என்பதுதான் தகராறு. "பரிசேயனுக்கு 20 மில்லி போதாது" என்று கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. இப்போது 40 மில்லி ஊற்றுகிறார்கள்.

மறைந்தது, ஆனால் போகவில்லை!

பாலாடை வாசனையை மறைக்கிறது. காபி தூக்கத்தை மறைக்கிறது. ஆனால் ரம் அப்படியே இருக்கிறது!

காபி குடித்தால் போதை தெளியும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. தூக்கம்தான் கலையும்; போதை இறங்காது. குடித்தவர் "நான் தெளிவாக இருக்கிறேன்" என்று நினைத்து வண்டியை எடுப்பார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ரம் இல்லாமலும் இந்தக் காபியைப் போடலாம். திக்கான டிக்காஷன், சர்க்கரை, மேலே நுரைத்த பாலாடை. அவ்வளவுதான். அன்று பாதிரியாருக்குக் கொடுத்தது இதுதான். குடும்பத்தோடு உட்கார்ந்து குடிக்கலாம். குட்டு வெளிப்படும் என்ற பயமே இல்லை!