மனப்பாரத்தை இறக்கிய கூட்டங்கள்

"ஒன்னுமே புடிக்கல்ல, நான் எதுக்கும் ஒதவாதவ" என்று வாரக்கணக்கில் மனம் சோர்ந்து கிடப்பதும் ஒரு நோய்தான். வைத்தியர் குறைந்த இடத்தில் இதை எப்படிக் குணப்படுத்துவது?

உகண்டாவின் தென்மேற்கில் எயிட்ஸ் நோயால் பல குடும்பங்கள் சிதைந்தன. 2002இல் அங்கே 30 கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதிக் கிராமங்களில் மனச்சோர்வுற்றவர்கள் வாரம் ஒருமுறை ஒன்றரை மணித்தியாலம், 16 வாரங்கள் கூடினார்கள். ஆண்கள் தனியே, பெண்கள் தனியே. நடத்தியவர்கள் இரண்டு வாரப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்களே.

அங்கே உபதேசம் இல்லை. சோர்வு எதிலிருந்து தொடங்கியது? நெருங்கியவரின் சாவா, வீட்டுச் சண்டையா, வாழ்க்கையில் வந்த மாற்றமா? ஒருவர் சொல்ல, மற்றவர்கள் கேட்டு, சேர்ந்தே வழி தேடினார்கள். "எனக்கு மட்டுந்தான் இப்படி" என்ற எண்ணமும் குறையும்.

முடிவில், கூடியவர்களில் 100க்கு 7 பேருக்கும் குறைவானவர்களுக்கே நோய் இருந்தது. கூட்டம் நடக்காத கிராமங்களில் சுமார் 55 பேருக்கு இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2016இல் இம்முறைக்குக் கைநூலும் வெளியிட்டது.

ஆகவே, லயத்தில் யாராவது ஒடுங்கிக் கிடந்தால் "சோம்பேறி" என்று ஏசாதீங்க. பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க. சாவைப் பற்றிப் பேசினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க.