பழைய சாமான் லோரி வருவதற்கு முன்

சனிக்கிழமை காலையில் தாமானுக்குள் அந்த லோரி மெதுவாக நுழையும். 'சூராட் காபார் லாமா' என்று ஒலிபெருக்கி கூப்பிடும். பழைய நாளிதழ், ஓடாத மின்விசிறி, துருப்பிடித்த கம்பி எல்லாம் அதில் ஏறும். சில வீடுகளில் பாட்டியின் பித்தளைக் குடமும் சேர்ந்து ஏறிவிடுகிறது. எடைக்கு எவ்வளவோ அவ்வளவு காசு. ஸ்டோர் அறையில் கொஞ்சம் இடம் கிடைத்த திருப்தி.

சில மாதம் கழித்து அதே வீட்டுப் பிள்ளைகள் புதுக் கொண்டோமினியத்துக்குக் குடிபோகிறார்கள். வரவேற்பறையில் 'பழமைத் தோற்றம்' வேண்டும் என்று வார இறுதிச் சந்தையில் அதே மாதிரிக் குடம் ஒன்றைத் தேடிப் பிடித்து, பல மடங்கு விலை கொடுத்து வாங்குகிறார்கள். வாங்கிய குடம் அழகாகத்தான் இருக்கிறது. யாருடையது என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை.

வீட்டை அழகுபடுத்துவது, பழம்பொருள் தேடுவது, விடுமுறை நாளில் நாலு பேரைக் கூப்பிட்டு உட்காரவைப்பது என்ற மூன்று ஆசைகளும் இன்றைய இளம் குடும்பங்களுக்கு இருக்கின்றன. மூன்றையும் ஒரே நூலில் கோக்கலாம். அதற்குப் பெரிய பணம் வேண்டாம். தேடலை எங்கே தொடங்குகிறோம் என்பதுதான் முக்கியம்.

முதல் தேடல் நம் வீட்டிலேயே

நம்மில் பலருடைய தாத்தா பாட்டிகள் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்கள். 1950, 60களில் பல ரப்பர்த் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. பிறகு ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. ஒவ்வொரு முறை குடும்பம் இடம் மாறும்போதும் கனமான பொருள்கள்தான் முதலில் கைவிடப்பட்டன. ஆட்டுக்கல், அம்மி, உரல், பெரிய அண்டா என்று ஒவ்வொன்றாகப் போயின. எல்லா மாற்றங்களையும் தாண்டி இன்னும் நம்மோடு இருப்பவை கொஞ்சம்தான்.

ஆகவே சந்தைக்குப் போவதற்கு முன் அம்மா வீட்டு ஸ்டோர் அறை, மாமா வீட்டுப் பின்கட்டு, பெரியம்மாவின் கட்டிலுக்கு அடியில் என்று ஒரு சுற்று வாருங்கள். தேட வேண்டியவை இவை: பித்தளைச் சொம்பு, குடம், குத்துவிளக்கு, அஞ்சறைப் பெட்டி, பல அடுக்குத் தூக்குச் சட்டி, எனாமல் தட்டு, தகரப் பெட்டி, பால் மங்கு, பால்வெட்டுக் கத்தி, தோளில் சுமந்த காண்டா வாளி, அரிவாள்மணை, கறுப்பு வெள்ளைக் கல்யாணப் புகைப்படம்.

பொருளைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிவதில்லை. அதைப் பயன்படுத்திய கை இன்னும் நம்மோடு இருக்கும்போதே கதையையும் கேட்டு வாங்க வேண்டும். வானொலியில் பல வருடமாக மற்றவர்களைப் பேசவைப்பதே என் தொழில் என்பதால், இதில் சில நுணுக்கங்களைச் சொல்ல முடியும்.

"பாட்டி, இதைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால், "அதுல என்னய்யா இருக்கு" என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். பொருளைக் கையில் கொடுத்து, சின்னச் சின்னதாகக் கேளுங்கள். "இதை எந்தக் கையில தூக்குவீங்க?", "காலையில எத்தனை மணிக்கு இதை எடுப்பீங்க?", "யாரு வாங்கிக் கொடுத்தது?", "இதுல ஏன் பள்ளம் விழுந்திருக்கு?" இப்படிக் கேட்டால் பிரட்டுக்களமும் கங்காணியும் தீபாவளி முறுக்கும் தானாக வந்து சேரும்.

பேச்சைப் பதிவு செய்யக் கைத்தொலைபேசியே போதும். மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்துங்கள். தொலைபேசியை 'விமான நிலை'யில் போட்டு, மடித்த துண்டின் மேல், பேசுபவருக்கு ஒரு முழம் தூரத்தில் வையுங்கள். கையில் பிடித்தால் விரல் உரசும் சத்தம் கேட்கும். அவர்கள் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். ஐந்து விநாடி பொறுங்கள். நல்ல விஷயம் பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும்.

சந்தைக்குப் போனால்

வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை என்பவர்களும் இருக்கிறார்கள். தேடுவதே இன்பம் என்பவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்புக்கும் நம் நாட்டில் இடம் உண்டு. பெட்டாலிங் ஜெயாவில் அம்கோர்ப் மாலின் வார இறுதிச் சந்தைக்குத் தாமான் ஜெயா எல்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஈப்போவில் ஞாயிறு காலையில் கூடும் மெமரி லேன் சந்தை, பினாங்கில் லோரோங் கூலிட், மலாக்காவில் ஜோங்கர் சாலைப் பக்கத்துப் பழம்பொருள் கடைகள் ஆகியவையும் பேர் பெற்றவை. சிங்கப்பூரில் இருந்த சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது. இத்தகைய சந்தைகள் என்றும் இருக்கும் என்று நினைக்க முடியாது என்பதற்கு அது ஓர் உதாரணம்.

போகும்போது மூன்று விஷயங்கள் வேண்டும்: ரொக்கப் பணம், வைக்கப் போகும் இடத்தின் அளவு, ஒரு சின்ன டார்ச் விளக்கு. "இன்றைக்கு 200 ரிங்கிட்டுக்கு மேல் இல்லை" என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். சிரித்த முகத்தோடு 'போலே கூராங்?' என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

'நூறு வருடப் பழசு' என்று கடைக்காரர் சொன்னால் பொருளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். நட்சத்திரத் தலையுள்ள திருகாணிகள் 1930களில்தான் சந்தைக்கு வந்தன. அந்தத் திருகாணிகள் மட்டுமே இருந்தால், பிற்காலத்தில் பழுது பார்த்திருக்கிறார்கள், அல்லது பொருளே புதிது. தேய்மானம் கை படும் இடத்தில்தான் அதிகம் இருக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தால், யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கலாம்.

கோப்பிக் கடைகளில் நாம் பார்த்து வளர்ந்த வளைமர நாற்காலியையும் கவனியுங்கள். அதன் மூல வடிவம் 1859-இல் தோனெட் நிறுவனம் வியன்னாவில் உருவாக்கிய 14-ஆம் எண் நாற்காலி. ஆறு மரத் துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு நட்டு, அவ்வளவுதான். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் 36 நாற்காலி அடங்கும். கப்பலேறி உலகம் சுற்ற அதற்கு அது உதவியது. வாங்கும்போது சமதளத்தில் வைத்து ஆட்டிப் பாருங்கள். உட்காரும் பலகையின் அடியில் தயாரிப்பாளர் முத்திரையோ காகிதச் சீட்டோ ஒட்டியிருக்கிறதா என்று தேடுங்கள்.

பித்தளைப் பாத்திரம் என்றால் கழுத்தையும் விளிம்பையும் பாருங்கள். கல்யாணச் சீராக வந்த பாத்திரங்களில் புள்ளி புள்ளியாகப் பெயர் பொறிப்பது நம் வழக்கம். ஒருமுறை சந்தையில் ஒரு சீன அங்கிள் என்னிடம் ஒரு குடத்தைக் காட்டி, "இது என்ன பூ வேலைப்பாடு?" என்று கேட்டார். அது பூ வேலைப்பாடு இல்லை. தமிழ் எழுத்து. ஒரு பெண்ணின் பெயரும் முன்னெழுத்தும். படித்துச் சொன்னேன். "ஓ, ஆளோட பேரா!" என்று அவர் குடத்தைக் கொஞ்சம் பத்திரமாகத் திருப்பி வைத்தார். அந்தப் பெண்ணின் பேரப் பிள்ளைகள் இதே ஊரில் எங்காவது இருக்கக்கூடும். குடம் மட்டும் அந்நியர் மேசையில் விலைச் சீட்டோடு நிற்கிறது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 'பழைய கோயில் சிலை' என்று யாராவது காட்டினால் கை வைக்காதீர்கள். சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அரும்பொருளகமே 2007-இல் வாங்கிய உமா பரமேஸ்வரி வெண்கலச் சிலையை, அது தமிழ்நாட்டுக் கோயிலிலிருந்து திருடப்பட்டது என்ற காரணத்தால், 2015-இல் இந்தியாவிடம் ஒப்படைத்தது. நிபுணர்கள் நிறைந்த இடத்துக்கே அந்த நிலை. நம் கூடத்துக்குச் சொம்பும் தூக்குச் சட்டியும் போதும்.

வீட்டுக்கு வந்த பிறகு

பித்தளைக்கு எலுமிச்சை அளவு புளியும் ஒரு கைப்பிடி உப்பும் போதும். தேய்த்தவுடன் நன்றாகக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடையுங்கள். நேரம் போவது தெரியாமல் புளியில் ஊறவைத்தால் மேற்பரப்பில் செம்பு நிறம் படரும். பெயர் பொறித்த இடத்தில் இரும்பு நாரைப் போடவே போடாதீர்கள். எழுத்து தேய்ந்தால் திரும்ப வராது.

உள்ளே ஈயம் பூசாத பித்தளையில் புளி, தயிர், எலுமிச்சை சேர்ந்த உணவை வைக்கக் கூடாது. உலோகம் உணவில் இறங்கும். பழைய எனாமல் பாத்திரம் சில்லு விட்டிருந்தால் அதுவும் சாப்பாட்டுக்கு ஆகாது. இவற்றைப் பூவுக்கும் சாவிக்கொத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். மரச்சாமானில் சின்னத் துளைகளும், அவற்றுக்குக் கீழே மாவு போல் புதுத் தூளும் தெரிந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. மற்ற மரச்சாமான்களோடு சேர்க்காமல் தனியே வைத்து, பூச்சி ஒழிப்பவரைக் கூப்பிடுங்கள். பழைய சாயத்தில் காரீயம் இருக்கலாம் என்பதால் உலர்ந்த நிலையில் சுரண்டித் தேய்க்க வேண்டாம்.

எங்கே வைப்பது?

சின்ன வீட்டில் பத்துப் பழம்பொருள் வைத்தால் அதுவே ஸ்டோர் அறை போல் ஆகிவிடும். ஒரு மூலைக்கு ஒரு பொருள் போதும். அதைச் சுற்றி இடம் விடுங்கள். பின்சுவர் வெறுமையாக இருந்தால் பித்தளை இன்னும் எடுப்பாகத் தெரியும். வெள்ளை விளக்கை மாற்றி இளமஞ்சள் விளக்குப் போட்டாலே பாதி அலங்காரம் முடிந்தது.

தகரப் பெட்டியின் மேல் அளவாக வெட்டிய கண்ணாடி வைத்தால் தேநீர் மேசை தயார். பால் மங்குகளில் புதினாவோ சின்னக் கற்றாழையோ வைத்து பால்கனியில் வரிசையாக அடுக்கலாம். அஞ்சறைப் பெட்டியில் தையல் சாமான் வைக்கலாம். கல்யாணப் புகைப்படத்தைப் பிரதி எடுத்து, பிரதியைச் சட்டமிட்டு மாட்டுங்கள். அசலை வெயிலும் ஈரமும் படாமல் பத்திரப்படுத்துங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் சுவரோடு ஒட்டிய படம் சீக்கிரம் பூசணம் பிடிக்கும்.

உருளியில் பூ மிதக்கவிடுவதும், ஆட்டுக்கல்லை பால்கனியில் வைப்பதும் அழகுதான். ஆனால் தேங்கிய நீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். உருளி நீரை விருந்து முடிந்த கையோடு கொட்டிவிடுங்கள். முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் உட்பக்கத்தையும் தேய்த்துக் கழுவுங்கள். ஆட்டுக்கல் குழியை மணலும் கூழாங்கல்லும் போட்டு விளிம்பு வரை நிரப்பிவிடுவது நல்லது.

ஞாயிறு மாலை நான்கு மணி

வீடு தயார். இனி மனிதர்கள் வேண்டும். மதிய விருந்து என்றால் காலையிலிருந்தே அடுப்படியில் நிற்க வேண்டும். மாலைத் தேநீர் என்றால் அந்தப் பாடு இல்லை. நான்கு மணிக்குத் தொடங்கி ஆறரைக்குள் முடியும். மறுநாள் வேலைக்குப் போகிறவர்களுக்கும் சிரமம் இல்லை.

எட்டுப் பேருக்கு அரை கிலோ கொண்டைக்கடலை தாராளம். முதல் நாள் இரவே ஊறவைத்தால் மறுநாள் சுண்டல் அரை மணி நேர வேலை. நீங்கள் சமைப்பது அது ஒன்றுதான். வடையும் கறிப்பாப்பும் தெருமுனைக் கடையில் வாங்குங்கள். குயே ஒரு நண்பர் கொண்டு வரட்டும். இஞ்சி தட்டிப் போட்ட தேநீரை ஒரு பெரிய பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டால் நீங்களும் எல்லோரோடும் உட்காரலாம். வாழை இலையைத் துண்டு துண்டாக நறுக்கித் தட்டில் விரித்தால் அலங்காரமும் ஆச்சு, கழுவும் வேலையும் குறைந்தது.

அழைக்கும்போது ஒரு நிபந்தனை போடுங்கள்: ஒவ்வொருவரும் தங்கள் வீட்டிலிருந்து பழைய பொருள் ஒன்றைக் கொண்டு வர வேண்டும். விலை உயர்ந்ததாக இருக்கத் தேவையில்லை. ஒரு கரண்டி போதும், ஒரு ஊறுகாய் ஜாடி போதும். ஆளுக்கு மூன்று நிமிடம் அதன் கதையைச் சொல்ல வேண்டும். கதை தெரியாதவர்கள் அந்த வாரமே அம்மாவுக்கோ அத்தைக்கோ தொலைபேசி எடுத்துத் தெரிந்துகொண்டு வருவார்கள். இந்த விளையாட்டின் உண்மையான பயனும் அதுதான்.

முடிந்தால் ஒரு தாத்தாவையோ பாட்டியையோ நடுநாயகமாக உட்காரவையுங்கள். எந்தப் பொருளை எடுத்தாலும் அதன் பெயரைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். காண்டா வாளியைப் பார்த்துப் பத்து வயதுப் பிள்ளை, "இது எதுக்கு?" என்று கேட்கும். பெரியவர் எழுந்து நின்று தோளில் கம்பு வைத்து நடந்தே காட்டுவார். அதற்கு ஈடான பொழுதுபோக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் 2015-இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்துக்குப் போனால், செட்டிநாட்டுக் கதவு ஒன்றின் முன் வருகையாளர்கள் நின்று பார்ப்பதைக் காணலாம். அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் ஒரு விளக்கக் குறிப்பு இருக்கும். வீட்டுப் பொருள்களுக்கும் அது வேண்டும். ஒரு துண்டுக் காகிதம் எடுங்கள். பொருளின் பெயர், யாருடையது, எந்தத் தோட்டம் அல்லது ஊர், எப்படி உங்களிடம் வந்தது என்ற நான்கையும் எழுதித் தேதி போட்டு, பாத்திரத்துக்கு உள்ளேயே மடித்து வையுங்கள். நாளை ஸ்டோர் அறையைத் திறக்கும் பேரப்பிள்ளைக்கு அது யாருடைய குடம் என்று தெரிந்திருக்கும். பெயர் தெரிந்த குடத்தை அவ்வளவு சுலபமாக யாரும் லோரியில் ஏற்ற மாட்டார்கள்.