நண்பர் வீட்டுத் தேநீர்

என் நண்பர் ஒருவர் பெரியபுராணத்துக்குப் பயன் சொல்வதில் வல்லவர். திருநீலநக்க நாயனார் புராணத்தை அவர் வாயாற் கேட்க வேண்டும். திருஞானசம்பந்தப் பிள்ளையார் சாத்தமங்கைக்கு எழுந்தருளுகின்றார். உடன் வந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர், பாணர் குலத்தவர். அவருக்கும் அவர்தம் துணைவியாருக்கும் இரவு தங்க இடந்தருக என்று பிள்ளையார் சொல்ல, அந்தணராகிய நீலநக்கர் தம் மனையின் நடுவே, வேள்வி வேதியின் பக்கத்திலேயே இடங்கொடுக்கின்றார். வேதியிலிருந்த தீ முன்னினும் ஓங்கி வலஞ்சுழித்து எழுகின்றது. இவ்விடத்துக்கு வந்ததும் நண்பரின் குரல் தழுதழுக்கும். கேட்பவர் கண்களிலும் நீர் வரும். என் கண்களிலும் பலமுறை வந்ததுண்டு.

சென்ற ஆண்டு ஒருநாள் அவர் வீட்டுக்கு என் மாணவன் ஒருவனை அழைத்துச் சென்றேன். யாப்பிலும் பழைய பதிப்புகளிலும் தீராத ஆசையுள்ள பிள்ளை. நண்பரிடம் சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் வெளியிட்ட கலித்தொகைப் பதிப்பின் பிரதி ஒன்று இருக்கின்றது. போர்க்காலத்தில் எத்தனை இடப்பெயர்வு வந்தபோதும் அதனை அவர் கைவிட்டதில்லை. அதைக் காட்ட வேண்டுமென்றே போனோம்.

நண்பர் முதலில் மூன்று கேள்விகள் கேட்டார். தம்பி எவ்விடம்? எந்தக் குறிச்சி? தகப்பனார் பெயர் என்ன? யாழ்ப்பாணத்திற் பிறந்தவர்க்கு இக்கேள்விகளுக்கு உரை வேண்டியதில்லை. மாணவன் மூன்றுக்கும் விடை சொன்னான். பின்னர் நூல் வந்தது. நண்பர் தாமே அதை அவன் கையிற் கொடுத்தார். ஏடு ஏடாகப் புரட்டிக் காட்டினார். பதிப்புரையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். பிள்ளையின் வினாக்களைக் கேட்டு, "பண்டிதர், கெட்டிக்காரப் பெடியன்" என்று என்னிடம் மெச்சினார்.

அதன்பின் தேநீர் வந்தது. எனக்கும் அவருக்கும் துலக்கிய மூக்குப்பேணிகளில் வந்தது. மாணவனுக்கு, ஒருமுறை குடித்துவிட்டு எறிகின்ற மெல்லிய பிளாஸ்டிக் குவளையில் வந்தது.

கலித்தொகையைத் தொடலாம், பேணியைத் தொடலாகாது. இந்த விசித்திரத்தை அந்தக் கணத்தில் நான் சிந்திக்கவில்லை. தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். மாணவனும் குடித்தான். குடித்து முடித்ததும் குவளையை எங்கே போடுவதென்று கேட்கவில்லை. அதை நசித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டான். வீதிக்கு வந்தபின், "நீங்கள் அடிக்கடி வாற வீடோ, சேர்?" என்று கேட்டான்.

"ஓம், முப்பது வருசப் பழக்கம்" என்றேன்.

வேறொன்றும் அவன் கேட்கவில்லை. சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

முன்னாளிலே சிரட்டை இருந்தது. நம்மூர்த் தேநீர்க்கடைகளில் சிலருக்கு மாத்திரம் போத்தலிலும் தகரப் பேணியிலும் ஊற்றிக் கொடுத்த காலம் இருந்தது. அவற்றைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கின்றார்கள். பிளாஸ்டிக் குவளைக்கு ஒரு வசதி உண்டு. சுகாதாரம் என்று சொல்லிவிடலாம். கழுவுகின்ற வேலை மிச்சம் என்றும் சொல்லிவிடலாம். சிரட்டைக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை.

இந்த நண்பருடன் இனியும் நண்பனாக இருக்கலாமா? ஓராண்டாக என்னுள்ளே கிடக்கும் கேள்வி இது. இருக்க முடியாது என்று சொல்வது எளிதாயிருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவை வலிகாமத்தார் ஒருவரும் மறவார். இலட்சக்கணக்கான மக்கள் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டார்கள். மழை பெய்தது. நாவற்குழி வழியில் ஓரடி வைத்து மறு அடி வைக்கப் பல நிமிடங்கள் சென்றன. என் தாயாருக்கு நடக்க இயலாது. நண்பர் தம் சைக்கிளின் பின்னிருக்கையில் அவரை இருத்தி, விழாமல் ஒரு கையாற் பிடித்துக்கொண்டு, கைதடி வரை தள்ளிக்கொண்டு வந்தார். தம் வீட்டுப் பொருள்களில் அவர் எடுத்து வந்தது ஒரு சிறு பொதி. அதனுள்ளேதான் அந்தக் கலித்தொகையும் இருந்தது. என் தாயார் பின்னும் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த ஒன்பது ஆண்டுகளை எனக்குத் தந்தவர் அவர்.

அந்த இடப்பெயர்விலேயே வேறொன்றையும் கண்டேன். நாங்கள் ஒதுங்கிய வளவிலே ஒரு கிணறு இருந்தது. எங்களை அள்ளவிட்ட வீட்டுக்காரர், எங்களுக்குப் பின் வந்த ஒரு குடும்பத்தை மறித்தார். தாம் அள்ளி ஊற்றுவதாகவும் அவர்கள் கயிற்றைத் தொடக் கூடாதென்றும் சொன்னார். எல்லாரும் வீடிழந்து நின்ற நேரம் அது. நண்பர் அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்லுமுன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: நானும் ஒன்றும் சொல்லவில்லை.

நட்பு என்று ஓர் அதிகாரம் வகுத்ததோடு வள்ளுவர் அமையவில்லை. நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்று மேலும் நான்கை வகுத்தார். ஓராண்டாக நான் ஒளிந்திருந்தது பழைமை என்னும் அதிகாரத்தில். நெடுநாள் பழகியவர் உரிமை பற்றிச் செய்யும் பிழையைப் பொறுத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. வகுப்பிலே அதைப் படிப்பித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அங்கே பேசப்படுவது எனக்கு இழைத்த பிழை. என் நண்பர் எனக்கு ஒரு பிழையும் இழைக்கவில்லை; எனக்கு மூக்குப்பேணியிலே தேநீர் தந்தார். பிழை அந்தப் பிள்ளைக்கு இழைக்கப்பட்டது. அவனுக்கு உரிய பொறுமையை அவனுக்காக நான் வழங்க எனக்கு யார் உரிமை தந்தார்? முன் வாங்கிலே அவன் இருந்தான். அந்த அதிகாரத்தை அன்று விரைவாக முடித்துவிட்டேன்.

கல்வி வளர இவை தாமே தேயும் என்று நம் முன்னோர் பலர் நம்பினர். அந்த நம்பிக்கைக்கு மாவிட்டபுரம் ஒரு மறுப்பு. தீண்டாமை காட்டுவதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இல் வந்தது. அதற்கு முந்திய ஆண்டே நல்லூர்க் கந்தசுவாமி கோயில் எல்லார்க்கும் திறந்தாயிற்று. ஆயினும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலினுள் புக வந்தவர்களை மறித்து நின்றோர்க்குத் தலைவராயிருந்தவர் யார்? சி. சுந்தரலிங்கம். ஒக்ஸ்போர்டிற் கற்றவர், இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர், 1947 இல் அமைந்த அமைச்சரவையில் அமைச்சர். தமிழர் உரிமைக்காகவும் உரத்துப் பேசியவர். கணிதம் அவருக்குச் செய்யாத உதவியைக் கலித்தொகை என் நண்பருக்குச் செய்யும் என்று நான் எதிர்பார்த்தது பேதைமை.

மறுபக்கத்திலும் உதாரணங்கள் இல்லாமல் இல்லை. 1924 இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிப் பின் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற இயக்கத்தில் ஹண்டி பேரின்பநாயகமும் அவர் தோழர்களும் சமபந்தியில் அமர்ந்து உண்டார்கள். அவர்களுள்ளும் பலர் உயர்குடியினர் என்று சொல்லிக்கொள்ளும் வீடுகளிற் பிறந்தவர்களே. பந்தியிலிருந்து எழுந்தபின் தத்தம் வீட்டுக்குத்தான் போயிருப்பார்கள். அங்கே தாய் தந்தையரோடும் பழைய நண்பர்களோடும் என்ன பேசினார்கள் என்பதை அறிய எனக்கு ஆவல்.

நண்பரோடு நான் ஒருமுறை வாதிட்டதுண்டு. 2018 இல் வரணிப் பகுதியில் ஓர் அம்மன் கோயிலிலே, ஒடுக்கப்பட்ட மக்கள் வடம் பிடிப்பதைத் தவிர்ப்பதற்காக மண் அள்ளும் இயந்திரத்தைக் கொண்டு தேரை இழுத்தார்கள் என்ற செய்தி படத்தோடு வெளிவந்தது. ஆட்கள் போதாமையே காரணம் என்று ஒரு சமாதானமும் சொல்லப்பட்டது. நண்பருக்கு அந்தச் சமாதானம் தேவைப்படவில்லை. "நான் ஆரையும் வெறுக்கிறேல்லை, பண்டிதர். ஆனால் முறை எண்டு ஒண்டு இருக்கு" என்றார்.

"1956 இல சிங்களம் மட்டும் எண்டு சட்டம் போட்டவையும் முறை எண்டுதானே, அண்ணை, சொல்லியிருப்பினம்?" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "அது இனவாதம். அதையும் இதையும் ஒண்டாக்காதையுங்கோ" என்றார். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நினைத்து இன்றும் கலங்குகிறவர் அவர். தம்மைப் பிறப்பினால் இழித்தவனை அவர் அறிவார்; தாம் இழிப்பதற்கு ஆசாரம் என்று பெயர். உலகம் இவ்விரண்டையும் அத்துணைத் தூரத்தில் வைத்துப் பார்க்கவில்லை. இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் குழு, சாதி முதலிய பிறப்புவழிப் பாகுபாடும் தான் கண்டிக்கும் பாகுபாட்டினுள் அடங்கும் என்று 2002 இல் விதந்துரைத்தது. இதையும் சொன்னேன். ஐக்கிய நாடுகள் நமக்குச் செய்தது போதும் என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். என் மூத்த மகளின் விவாகம் பேசியபோது தரகர் முதலிற் கேட்ட கேள்விக்கு நான் தயங்காமல் விடை சொன்னேன். அதன்பின்னரே சாதகக் குறிப்பு எடுக்கப்பட்டது. பிளாஸ்டிக் குவளையைக் கண்டு துணுக்குற்ற இதே நான்தான். நண்பரை நீக்கிவிட்டால் இந்த வினாவிலிருந்து நானும் நீங்கிவிடலாம் என்ற கள்ள ஆசை அந்தக் கோபத்தினுள் இருந்தது. அதைக் கண்டுகொள்ள எனக்குச் சில மாதங்கள் சென்றன.

ஆகவே உறவை முறிக்கவில்லை. முறிக்காததற்கு ஒரு விலையை நானே கொடுப்பதென்று மாத்திரம் தீர்மானித்தேன். தைப்பூசத்தன்று அவர் வீட்டுக்குப் போனேன். பேணி வந்தது. "அண்ணை, அண்டைக்கு என்ர பெடியனுக்குத் தந்த மாதிரிக் குவளை ஒண்டிலை தாருங்கோ. அவனுக்குப் பேணியிலை குடுக்கிற நாளிலை நானும் பேணியிலை குடிக்கிறன்" என்றேன். அவர் மனைவியார் கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பின், "உங்கட அம்மாவை நான் சைக்கிளிலை வைச்சுத் தள்ளினனான்" என்றார். குத்திக்காட்டவில்லை, நொந்து சொன்னார்.

"அதாலைதான் அண்ணை வந்து சொல்லுறன். வேறை ஆரெண்டாலும் வராமல் விட்டிருப்பன்" என்றேன்.

பேணியும் வரவில்லை, குவளையும் வரவில்லை. அரை மணி நேரம் மழையைப் பற்றியும் வெங்காய விலையைப் பற்றியும் பேசிவிட்டு எழுந்து வந்தேன்.

இரண்டு மாதம் அவர் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. சித்திரையில் ஒரு மாலை வந்தார். அந்த நேரம் மாணவன் என் திண்ணையிலிருந்து வெண்பா ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தான். என் மனைவி ஒரே மாதிரியான மூன்று பேணிகளில் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். நண்பர் தாம் குடித்துவிட்டு வந்ததாகச் சொன்னார். ஆனால் எழுந்து போகவில்லை. மாணவனின் வெண்பாவை வாங்கிப் பார்த்து, மூன்றாமடியில் தளை தட்டுகின்றது என்று காட்டினார். பிள்ளை திருத்தினான். அவர் மீண்டும் பார்த்துத் தலையசைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார். அன்று தேநீரைக் குடித்தார். மாணவன் அன்று வந்திருக்கவில்லை.