ஊசிக்காகப் போகும் ஒரு நாள் கூலி

"ஊசி போட்டா பிள்ளைக்குக் காய்ச்சல் வருது, ஒரு நாள் கூலியும் போகுது" என்று பெற்றோர் சொல்வதுண்டு. உண்மைதான். அந்தக் காய்ச்சல் ஓரிரு நாளில் தணியும். தணியாவிட்டால் செவிலியரிடம் காட்டுங்கள். கக்குவான் இருமல் வந்தாலோ வாரக்கணக்கில் விடாது. கைக்குழந்தைக்கு மூச்சே நின்றுவிடலாம். எத்தனை நாள் கூலி போகும்? மூத்த பிள்ளையின் பள்ளிப் படிப்பும் அல்லவா கெடும்!

பிறந்த 6, 10, 14-ஆவது வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசி கக்குவான், தொண்டை அடைப்பான், ரண ஜன்னி உட்பட ஐந்து நோய்களைத் தடுக்கும். ஒரு ஊசியோடு நிறுத்தினால் பாதுகாப்பு முழுமையாகாது. தவணை தப்பியதா? விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதலிலிருந்து போட வேண்டியதில்லை. துணை சுகாதார நிலையத்தில் இலவசம். தாய்க்கு வேலையிருந்தால் தகப்பனார் தூக்கி வரட்டும், அட்டையோடு.