அந்த ஊசி உயிரை எடுப்பதில்லை

விழுப்புரம்–புதுச்சேரி சாலையில் உள்ள கண்டமங்கலத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால், குடும்பம் ஒரு பக்கம் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் மறுபக்கம் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கும் அலையும். குணமாகாது என்று தெரிந்ததும் பெரும்பாலோர் வீட்டுக்கே திரும்ப விரும்புகிறார்கள். கடைசி நாட்களில் வலியும் மூச்சுத்திணறலும் வரலாம். சிலர் சித்தம் கலங்கி, ஆள் அடையாளம் தெரியாமல் இரவெல்லாம் அலறுவார்கள்.

வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மார்ஃபின் உண்டு, சித்தக் கலக்கத்துக்கு ஹாலோபெரிடால் உண்டு. இவை எதற்கும் துன்பம் அடங்காதபோதுதான் தூக்க மருந்து. பெரும்பாலும் மிடசோலம். நரம்புச் செல்களின் பரபரப்பை அடக்க மூளையே சுரக்கும் பொருள் காபா. அதன் வேலையை மிடசோலம் வலுப்படுத்துகிறது. செல்லுக்குள் குளோரைடு அயனிகள் நுழையும் வாயில் அடிக்கடி திறக்கிறது, செல் அமைதியாகிறது. ஊசி ஏற்ற ரத்தக்குழாய் கிடைக்காத உடலிலும் தோலுக்கடியில் போடலாம் என்பது இதன் பெரிய வசதி. ஆரோக்கியமானவர் ரத்தத்தில் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகக் குறையும். தளர்ந்த உடலில் கூடுதல் நேரம் தங்கும். அதனால்தான் சிறு அளவில் தொடங்கி, முகச்சுளிப்பையும் மூச்சையும் பார்த்துப் பார்த்துக் கூட்டுகிறார்கள். துன்பம் தணிந்ததும் அந்த அளவோடு நிறுத்திக்கொள்வதே முறை. லேசான அரைத்தூக்கமே பலருக்குப் போதும். தூங்க வைப்பதற்காக மார்ஃபினை ஏற்றிக்கொண்டே போவது தவறான வழி.

“ஊசி போட்டு முடிச்சிட்டாங்க” என்ற பேச்சுக்குப் பயந்தே பல குடும்பங்கள் தூக்க மருந்தை மறுக்கின்றன. அந்தப் பயத்துக்கு அறிவியல் பதில் சொல்லியிருக்கிறது. இத்தாலிய மருத்துவர் மார்க்கோ மால்டோனியும் குழுவினரும் 10 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியிட்டார்கள். 1,807 நோயாளிகளில் 621 பேருக்குத் தூக்க மருந்து தரப்பட்டிருந்தது. மற்றவர்களைவிட அவர்கள் சீக்கிரம் இறந்ததாகத் தெரியவில்லை. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரு குழுவாகப் பிரித்த ஆய்வுகள் அல்ல இவை. தவிப்பவருக்கு நிவாரணத்தை மறுத்து ஒப்பிட்டுப் பார்க்க எந்த மருத்துவருக்கு மனம் வரும்?

சட்டத்திலும் குழப்பம் வேண்டாம். உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவதை 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளோடு அனுமதித்தது. ஊசி போட்டுக் கொல்வது இன்றும் குற்றம். துன்பத்தின் அளவுக்கேற்பத் தூங்க வைப்பது இரண்டிலும் சேராது. அது சிகிச்சை.

வீட்டார் ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும். ஆழ்ந்து உறங்குபவர் வாயில் பால் ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடக்கூடும். நனைத்த பஞ்சால் உதட்டையும் நாக்கையும் துடைத்தால் போதும்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த்தணிப்புச் சேவையும் வீடு தேடி வருகிறது. ஆனால் மிடசோலம் மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கவோ, வீட்டார் தாமாகப் போடவோ கூடியதல்ல. எவ்வளவு விழிப்பு, எவ்வளவு உறக்கம் என்பதை நோயாளி தெளிவாகப் பேசும்போதே அவரிடம் கேட்டுவிடுங்கள். மருந்து எங்கே கிடைக்கும், நடுராத்திரியில் யாரைக் கூப்பிடுவது, ஊசி போட யார் வருவார் என்று மருத்துவரிடமும் அன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.